பதினோரு நாள் பின்னாடி

இப்ப அடிச்சுக் குடுத்தானே, அந்த டிக்கெட்டைக் கொஞ்சம் குடுங்க சார். கிழிக்க மாட்டேன், பார்த்துட்டுத் தந்துர்றேன். இந்தா, பாருங்க. மணி என்ன போட்டிருக்கு? பத்து முப்பத்தெட்டு. உங்க போன்ல? பத்து அம்பத்திரெண்டு. பதினாலு நிமிஷம் சார்! காலையிலேர்ந்து அந்த மிஷினைக் கையில வச்சுக்கிட்டு இந்தக் கண்டக்டர் ஒரு முந்நூறு டிக்கெட்டாவது அடிச்சிருப்பான். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, இதைத் திருத்தணும்னு தோணியிருக்குமா? தோணாது. மிஷின்ல மணின்னு ஒண்ணு இருக்கிறதே தெரியாது அவனுக்கு.

நம்ம ஊர்ல மிஷினைத் தொடுற ஆளுங்க பூரா இப்படித்தான். பட்டனை அமுக்கத் தெரியும். உள்ள என்ன நடக்குதுன்னு கேட்டா மேல பார்ப்பான்.

என் பேரு தெய்வசிகாமணி. பதினாறு வருஷம் ஒரு நூல் மில்லுல சிஸ்டம் இன்-சார்ஜ். மில் பேரு வேண்டாம். இதே ரோட்டுலதான் இருக்கு. ஆயிரத்து நூறு பேரு வேலை பாக்குற இடம், அதுல கம்ப்யூட்டர்னா என்னன்னு தெரிஞ்சவன் ஒருத்தன், அது நான். பெருமைக்குச் சொல்லலை. முதலாளி மகன் அமெரிக்காவுல படிச்சிட்டு வந்தவரு. அவருக்கே பிரிண்டர்ல பேப்பர் சிக்கினா என்னைத்தான் கூப்பிடுவாரு. அப்ப மத்தவங்க எப்படின்னு நீங்களே கணக்குப் போட்டுக்குங்க.

இப்ப அந்த வேலை இல்லை. அதைத்தான் சொல்ல வர்றேன். ஒரு சாப்பாட்டு டோக்கனால போச்சு சார். எங்க மில்லுல கேன்டீனுக்கு ஒரு டோக்கன் மிஷின் உண்டு. கார்டைக் காட்டினா, பேரு, தேதி, மணி போட்டு இத்துனூண்டு சீட்டு வரும். அப்படி ஒரு சீட்டு. அதைக் கையில வச்சிருந்தது பஞ்சவர்ணம்னு ஒரு பொம்பளை. கோன் வைண்டிங்ல, நூல் சுத்துற இடத்துல வேலை. எட்டாங்கிளாஸ்.

முதல்லேர்ந்து சொல்றேன். உங்களுக்கு எங்க இறங்கணும்? கரூரா? அப்ப நேரம் இருக்கு.

ரெண்டாயிரத்துப் பதினஞ்சு, ஜூலை மாசம். இந்தப் பஞ்சவர்ணமும் இன்னும் பதினோரு பொம்பளைகளும் சேர்ந்து லேபர் ஆபீசருக்கு ஒரு மனு குடுத்தாங்க. எதுக்கு? பாத்ரூம் சாவிக்கு! சிரிக்காதீங்க சார், நெசமாத்தான். அவங்க செக்‌ஷன்ல பாத்ரூம் பூட்டியிருக்கும், சாவி சூப்பர்வைசர்கிட்ட. ஷிப்ட்டுக்கு ரெண்டு தடவை கேட்டு வாங்கிக்கலாம். அதுக்கு மேல போகணும்னா அவன் என்னா ஏதுன்னு கேப்பான். இது ஒரு பெரிய விஷயமா? எட்டு மணி நேரத்துல ரெண்டு தடவை பத்தாதா? எனக்கெல்லாம் ரூமுக்குள்ளயே அட்டாச்டு பாத்ரூம், நான் நாள் பூரா ரெண்டு தடவைகூடப் போனது கிடையாது. மனு எழுதுறாங்களாம் மனு. பன்னெண்டு பேரு கையெழுத்து. அதுல நாலு கைநாட்டு.

பதினெட்டாம் தேதி சனிக்கிழமை அந்த மனு லேபர் ஆபீஸ்ல சீல் வாங்கிருச்சு. திங்கக்கிழமை இருபதாம் தேதி எங்க பர்சனல் மேனேஜர் கோதண்டபாணி என் ரூமுக்கு வர்றாரு. சாதாரணமா அவரு வர மாட்டாரு, ஆளனுப்புவாரு. அன்னைக்கு அவரே வந்து கதவைச் சாத்திட்டு உக்கார்றாரு.

"சிகாமணி, அந்தப் பஞ்சவர்ணத்துக்கு ஒரு சஸ்பென்ஷன் ஆர்டர் அடிக்கணும்."

"அடிங்க சார். என்கிட்ட எதுக்கு வந்தீங்க?"

"இன்னைத் தேதி போட்டா, மனு குடுத்ததுக்குப் பழி வாங்குறோம்னு சொல்லுவாங்க. மனுவுக்கு முன்னாடி தேதி போடணும். அஞ்சாம் தேதின்னு வச்சுக்க."

நான் அவரை அப்படியே பார்த்தேன். எம்.ஏ. படிச்ச மனுஷன் சார். "அஞ்சாம் தேதி ஞாயித்துக்கிழமை சார்"னேன். அவருக்கு வேர்த்துருச்சு. "அப்ப எது நல்லது?"ன்னு கேக்குறாரு, முகூர்த்தம் பாக்குற மாதிரி. நான்தான் ஒன்பதுன்னு எடுத்துக் குடுத்தேன். வியாழக்கிழமை. மில்லு ஓடுன நாளு, அவளும் வேலைக்கு வந்த நாளு. இதையெல்லாம் யோசிக்கிறதுக்கு அந்த மில்லுல வேற எவன் இருந்தான்?

அவரு அதோட எந்திரிச்சுப் போகப் பாத்தாரு. பேப்பர்ல ஒன்பதுன்னு டைப் அடிச்சிட்டா முடிஞ்சதுன்னு நினைப்பு. நான் உக்கார வச்சேன். "சார், பேப்பர்ல எந்தத் தேதி வேணும்னாலும் அடிக்கலாம். ஆனா நீங்க அதை சேவ் பண்ணும்போது கம்ப்யூட்டர் தன் பங்குக்கு ஒரு தேதி குத்தும். நாளைக்கு லேபர் ஆபீசர் விவரம் தெரிஞ்ச ஒருத்தனைக் கூட்டிட்டு வந்து ஃபைலைத் திறந்து பார்த்தா, இருபதுன்னு காட்டும். மாட்டிக்குவீங்க"ன்னேன். மெதுவா, "கம்ப்யூட்டரையே ஒன்பதாம் தேதிக்குக் கொண்டு போக முடியுமா சிகாமணி?"ன்னாரு.

முடியுமாவாம்!

கறுப்பு ஸ்கிரீனைத் திறந்தேன். மில்லு பூராவுக்கும் பொதுவான பெரிய கம்ப்யூட்டர், சர்வர், அதுல ரூட்டா, அதாவது எல்லா அதிகாரமும் உள்ள ஆளா உள்ள போனேன், அந்தப் பாஸ்வேர்ட் என்னைத் தவிர ஒருத்தனுக்கும் தெரியாது. உங்களுக்குப் புரியிற மாதிரி சொல்றேன். டேட்டுன்னு நாலு எழுத்து அடிச்சு என்டரைத் தட்டினா, இன்னைக்கு என்ன தேதி, என்ன மணின்னு கம்ப்யூட்டர் நமக்குச் சொல்லும். அதே டேட்டுக்குப் பின்னாடி ஹைஃபன், அதான் சின்னக் கோடு, அப்புறம் எஸ் போட்டு ஒரு தேதியையும் மணியையும் குடுத்தா, நாம அதுக்குச் சொல்றோம், இன்னைக்கு இதுதான்டா தேதின்னு. அது மறுபேச்சு பேசாது. கோதண்டபாணி பக்கத்துல நிக்கும்போதே அடிச்சேன். இருபது போயி ஒன்பது வந்துச்சு. பதினோரு நாள் சார், ஒரு தட்டுல! மனுஷன் வாயைப் பொளந்துட்டாரு. "நீ பெரிய ஆளுய்யா"ன்னு தோள்ல தட்டினாரு. பதினாறு வருஷத்துல அவரு என்னைத் தொட்டது அன்னைக்குத்தான்.

அப்ப மணி பன்னெண்டு அஞ்சு. அஞ்சு நிமிஷ வேலை. பன்னெண்டரைக்குத்தான் கேன்டீன், டோக்கன் மிஷினும் இதே சர்வர்லதான் ஓடுது, அதுக்குள்ள தேதியைத் திருப்பி வச்சிரலாம்னு நான் சரியாத்தான் கணக்குப் போட்டேன். தப்பு என் பக்கம் இல்லை. அந்த மனுஷனுக்கு ஒரு பக்கம் தமிழ் எழுத வரலை சார். "ஒழுங்கீனம்"னு அடிக்கணும், "ஒழுங்கினம்"னு அடிச்சிருக்காரு. திருத்தினாரு. அடுத்த வரியில "மேலதிகாரியை அவமத்தித்து"ன்னு ஒரு த் கூட. சேவ் பண்ணுவாரு, பிரிண்ட் எடுப்பாரு, படிப்பாரு, மறுபடி திறப்பாரு. நான் கடிகாரத்தைப் பாக்குறேன், அவரைப் பாக்குறேன். பன்னெண்டு முப்பத்திமூணுக்குக் கதவு தட்டுற சத்தம்.

திறந்தா பஞ்சவர்ணம்.

யாருக்கு ஆர்டர் அடிச்சிக்கிட்டிருக்கோமோ அவளே! தலையெல்லாம் பஞ்சு, கையில சீட்டு. "சார், டோக்கன்ல ஒன்பதாம் தேதின்னு வந்திருக்கு. பழைய டோக்கன்னு கேன்டீன் மாயாண்டி அண்ணன் சாப்பாடு தர மாட்டேங்குறாரு. வரிசையை நிப்பாட்டி வச்சிருக்காரு. மிஷின் சரியில்லை போலயிருக்கு, சாரைப் பார்த்துட்டு வான்னு அனுப்புனாரு"ன்னா. அன்னைக்குப் பாத்து அவதான் வரிசையில முதல் ஆளு.

நான் பதறலை. "வெளிய நில்லு"ன்னு கதவைச் சாத்திட்டு, ஆர்டரை சேவ் பண்ணச் சொல்லி, தேதியை இருபதுக்குத் திருப்பினேன். கேன்டீனுக்குப் போன் போட்டு, "மிஷினைச் சரி பண்ணிட்டேன், எல்லாரையும் எடுக்கச் சொல்லு"ன்னேன். மத்த எல்லாருக்கும் சரியான தேதிதான் வந்துச்சு. இவ ஒருத்திக்குத்தான் சிக்கல்.

இவளை உடனே அனுப்பியிருக்கலாமேன்னு எங்க வீட்டுல கேட்டா. எப்படி அனுப்புறது? கோதண்டபாணி இருக்காரு, ஃபைலைச் சரிபார்க்கணும், எனக்கு நூறு வேலை. நின்னா என்ன? பதினஞ்சு நிமிஷம் நின்னா. அதுக்கப்புறம் கதவைத் திறந்து சீட்டை வாங்கினேன். சரியாத்தான் செஞ்சேன் சார், எதையும் முறைப்படி செய்றவன் நான். ஒன்பதை ஒரு கோடு போட்டு அடிச்சேன், பக்கத்துல பேனாவால இருபது, ஏழு, ரெண்டாயிரத்துப் பதினஞ்சுன்னு எழுதினேன். கையெழுத்துப் போட்டேன். சீல் வச்சேன். 'சிஸ்டம் இன்-சார்ஜ்'னு எனக்குன்னு தனியா சீல் உண்டு. சீல் இல்லாம எதுலயும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

அவ அதை வாங்கிப் பார்த்தா. "சங்கு ஊதப் போகுது சார்"னா. அவ்வளவுதான் சொன்னா. சங்கு ஊதிருச்சு, சாப்பாட்டு நேரம் முடிஞ்சு போச்சு. அவ நேரா செக்‌ஷனுக்குப் போயிட்டா. திமிரைப் பாருங்க. ஓடிப்போய் ரெண்டு வாய் சாப்பிட்டிருக்கலாம், மாயாண்டி கேட்டா என் கையெழுத்தைக் காட்டியிருக்கலாம். அந்தச் சீட்டு அவன்கிட்ட போயிருக்கும், குப்பையில விழுந்திருக்கும். சாப்பிடலை. டோக்கனை மடிச்சு வச்சுக்கிட்டா.

வெள்ளிக்கிழமை அவ கையில ஆர்டரைக் குடுத்தாங்க. ஒன்பதாம் தேதி போட்ட ஆர்டர். கருணை அடிப்படையில இத்தனை நாள் நிறுத்தி வச்சிருந்தோம்னு ஒரு வரி, அது கோதண்டபாணியோட மூளை. அப்புறம் பேருக்கு ஒரு என்கொயரி வச்சு டிஸ்மிஸ் பண்ணாங்க. மிச்சம் பதினோரு பேரும் மனுவை வாபஸ் வாங்கிட்டாங்க. நான் அதோட மறந்துட்டேன்.

ரெண்டரை வருஷம் கழிச்சு, டிஸ்மிஸ் பண்ணதை எதிர்த்து அவ போட்ட கேஸ் விசாரணைக்கு வந்துச்சு. அந்த டோக்கனை கோர்ட்ல போட்டிருக்கா! இருபதாம் தேதி மத்தியானம் கம்ப்யூட்டர் ஒன்பதுன்னு காட்டியிருக்கு, சிஸ்டம் இன்-சார்ஜே திருத்திக் கையெழுத்துப் போட்டு சீல் வச்சிருக்காரு, இவங்க காட்டுற ஆர்டரும் அதே ஒன்பதுதான், அது எப்படின்னு அவ வக்கீல் கேக்குறா. ஜெசிந்தான்னு ஒரு பொண்ணு. முப்பது வயசுகூட இருக்காது, ஒல்லியா, பேசுறது பக்கத்துல நிக்கிறவனுக்கே கேக்காது.

மில்லு பூரா என் மேல பாய்ஞ்சுச்சு. "உன்னை யாருய்யா சீல் வைக்கச் சொன்னது?"ன்னு கோதண்டபாணி கத்துறாரு. ஒரு த் எழுதத் தெரியாத மனுஷன் என்னைக் கேக்குறாரு.

எங்க பக்கத்துல ஒரு சீனியர் வக்கீல். நாப்பது வருஷ அனுபவமாம். என்னை உக்கார வச்சு, "தம்பி, ஒண்ணுமில்லை. கம்ப்யூட்டருக்குள்ள ஒரு பேட்டரி இருக்குமாமே, அது வீக் ஆகி தேதி தானா மாறிப் போச்சுன்னு சொல்லிருங்க. அவ்வளவுதான்"ங்குறாரு. நான் எடுத்துச் சொன்னேன் சார். "ஐயா, பேட்டரி போச்சுன்னா மிஷினை அணைச்சுப் போட்டாத்தான் தேதி போகும். போனாலும் ஆதி காலத்துக்குப் போகும். கரெக்டா பதினோரு நாள் பின்னாடி போய், மணியைக்கூட மாத்தாம, வியாழக்கிழமையாப் பார்த்து நிக்காது. விவரம் தெரிஞ்சவன் கேட்டா சிரிப்பான்"னேன். "கோர்ட்ல யாருக்கும் விவரம் தெரியாது தம்பி"ன்னாரு. எனக்கு அது கொஞ்சம் ஆறுதலா இருந்துச்சு. சரின்னுட்டேன்.

கூண்டுல ஏறினேன். எங்க வக்கீல் கேட்டாரு, பேட்டரின்னு சொன்னேன், உக்காந்துட்டாரு. அப்புறம் அந்தப் பொண்ணு எந்திரிச்சா. கோபமா எதுவும் கேக்கலை. ஊருக்கு வழி கேக்குற மாதிரி கேக்குறா.

"எத்தனை வருஷமா சார் அந்தக் கம்ப்யூட்டரைப் பாத்துக்குறீங்க?"

"பதினாறு வருஷமா."

"பேட்டரி வீக் ஆனது உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"தெரியாது."

"தெரியாது. சரி. தேதி மாறினது?"

"டோக்கன் வந்தப்பத்தான் தெரியும்."

"அப்ப உங்களுக்குத் தெரியாமலேயே மாறிருச்சு."

"ஆமா."

"எழுதிக்குங்க"ன்னு டைப்பிஸ்ட்கிட்ட சொல்றா. அவன் அதைச் சத்தமாப் படிச்சுக்கிட்டே தட்டுறான், "எனக்குத் தெரியாமலேயே மாறிவிட்டது." என் பேருல சார்! நான் சொன்ன மாதிரி!

"அந்த மில்லுல உங்களைத் தவிர யாருக்கும் கம்ப்யூட்டர் தெரியாதுன்னு உங்க மேனேஜர் சாட்சி சொல்லியிருக்காரு. அது சரியா?"

"சரிதான்."

"தெரிஞ்ச ஒரே ஆளு நீங்க. உங்க கண்ணு முன்னாடி பதினோரு நாள் பின்னாடி போயிருக்கு. உங்களுக்குத் தெரியலை."

டைப்பிஸ்ட் அதையும் படிச்சுக்கிட்டே தட்டினான்.

"பரவாயில்லை சார், எல்லாருக்கும் எல்லாம் தெரியும்னு சொல்ல முடியாது. சட்டைப் பட்டன் அளவு பேட்டரியாம். நான் ஒரு கம்ப்யூட்டர் கடைப் பையன்கிட்டதான் கேட்டேன், அவன் வருஷா வருஷம் மாத்திருவானாம். நீங்க கோர்ஸ் எதுவும் படிச்சிருக்கீங்களா சார், இல்லை வேலையில சேர்ந்து பழகினதா?"

கடைப் பையன்! என்னைக் கொண்டு போய் ஒரு கடைப் பையன் பக்கத்துல நிறுத்துறா! கோர்ட்ல நாலு பேரு சிரிச்சாங்க. டைப்பிஸ்ட்டும் சிரிச்சான். பின்னாடி பெஞ்சுல அந்தப் பஞ்சவர்ணம் உக்காந்து என்னையே பாக்குறா, அவ சிரிக்கலை. நல்ல வேளை சிரிக்கலை.

"அம்மா"ன்னேன். "என் கையில இருக்கிற மிஷின் எதுவும் தானா மாறாது. பதினாறு வருஷத்துல ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஓடினது கிடையாது. பேட்டரி அந்த டோக்கனுக்கு ரெண்டு மாசம் முன்னாடிதான் மாத்தினேன், ரிஜிஸ்டர்ல இருக்கு. அது தானா மாறலை. நான் மாத்தினேன்."

எங்க வக்கீல் எந்திரிச்சு ஏதோ சொல்ல வந்தாரு. ஜட்ஜ் ஐயா கையைக் காட்டி உக்கார வச்சிட்டாரு. பேனாவைக் கீழ வச்சிட்டு என்னைப் பார்த்து, "நீங்களேவா? எப்படி மாத்தினீங்க?"ன்னு கேட்டாரு. நல்ல மனுஷன். அந்தக் கட்டடத்துல எப்படின்னு கேட்ட ஒரே ஆளு அவருதான். எல்லாம் விளக்கிச் சொன்னேன். தேதியைக் கேக்குறது எப்படி, தேதியை வைக்கிறது எப்படி, ரூட்னா என்ன, எத்தனை மணிக்கு ஒன்பதுக்குப் போனேன், எத்தனை மணிக்குத் திரும்பினேன், ஒழுங்கீனத்துக்கு எத்தனை தடவை ஃபைலைத் திறந்தாங்க. எல்லாரும் கேட்டாங்க சார். ஈ பறந்தாக் கேக்கும். கோதண்டபாணி மட்டும் எந்திரிச்சு வெளிய போனாரு, அவருக்கு எப்பவுமே நுணுக்கமான விஷயம் ஏறாது.

வெளிய வந்ததும் அந்தப் பஞ்சவர்ணம் எதிர்ல வந்தா. கையெடுத்துக் கும்பிட்டா. "நல்லா இருக்கணும் சார் நீங்க"ன்னா. எனக்கு வந்துச்சே கோபம். "நான் உனக்காக ஒண்ணும் சொல்லலைம்மா"ன்னேன்.

"தெரியும் சார்"னா.

தெரியும் சார்னா என்ன அர்த்தம் அது? என்ன தெரியும் அவளுக்கு? எட்டாங்கிளாஸ்.

அவளுக்கு வேலை திரும்பக் கிடைச்சிருச்சு. அதே செக்‌ஷன். பாத்ரூம் பூட்டையும் எடுத்துட்டாங்களாம், மாயாண்டி போன்ல சொன்னான். என்னை அன்னைக்குச் சாயங்காலமே கேட்டுல நிறுத்திட்டாங்க, உள்ளகூட விடலை. அதுக்கப்புறம் நாலு மில்லுல போய் இன்டர்வியூ குடுத்தேன். என்னைப் பார்த்ததும், "ஓ, அந்தத் தேதி கேஸா?"ன்னு கேட்டுட்டு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிட்டாங்க. விவரம் தெரிஞ்சவனைப் பார்த்தா பயம் சார். எங்க வீட்டுல இப்ப ஒரு கம்பெனியில துணி மடிக்கப் போறா. நான் சொல்லிப் பார்த்தேன், கேக்கலை.

இப்ப எங்க போயிட்டு வர்றேன்னு கேக்கலையே நீங்க. வக்கீல் பொண்ணு ஜெசிந்தாவைப் பார்த்துட்டு வர்றேன். தீர்ப்புக் காப்பி வாங்கினேன். இதோ பையில இருக்கு, பாருங்க, பதினோராம் பக்கம். நான் சொன்ன கமாண்டை அப்படியே போட்டிருக்காங்க, என் பேரோட. ஆனா இங்க பாருங்க. டேட்டுக்கும் ஹைஃபனுக்கும் நடுவுல ஒரு ஸ்பேஸ் வரணும். வாயால சொன்னேன் சார், "டேட், ஒரு ஸ்பேஸ், ஹைஃபன், எஸ்"னு, ரெண்டு தடவை. அந்த டைப்பிஸ்ட் ஒட்டி அடிச்சிட்டான். ஒரு திருத்த மனு போடுங்கம்மான்னு கேட்டேன். அந்தப் பொண்ணு தீர்ப்பை மூடி வச்சிட்டு, "சார், நீங்க சாப்பிட்டீங்களா?"ன்னு கேக்குறா. நான் என்ன கேக்குறேன், அவ என்ன கேக்குறா பாருங்க.

இது கோர்ட்டுத் தீர்ப்பு சார். நாளைக்கு எத்தனையோ பேரு எடுத்துப் படிப்பாங்க. அதுல ஒருத்தன், விவரம் தெரிஞ்ச ஒருத்தன், கறுப்பு ஸ்கிரீனைத் திறந்து, இதுல இருக்கிறபடியே அடிச்சுப் பார்ப்பான். ஓடாது. இப்படி ஒட்டி அடிச்சா, அப்படி ஒரு கமாண்டே இல்லைன்னுதான் வரும். அவன் டைப்பிஸ்ட்டையா சொல்லுவான்? இந்தத் தெய்வசிகாமணிக்கு ஒண்ணும் தெரியலைன்னுல்ல சொல்லுவான்?